விலைக்கு வாங்கிய நிசப்தம்

1978-ஆம் ஆண்டு சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானமேறிய பேராசிரியர் அமர் போஸ், விமானக் கம்பெனியார் அளித்த ஹெட்போனில் சங்கீதத்தைவிட எஞ்சினின் இரைச்சலே மேலோங்கக் கண்டு, அப்பிரயாணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்ததன் பலனாகத்தான், இன்று நாமெல்லாம் நிசப்தத்தை ரொக்கம் கொடுத்து வாங்கும் பாக்கியம் பெற்றிருக்கிறோம். வெளியோசையை மைக்கினால் ஒற்றறிந்து, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி, சத்தத்தைச் சத்தத்தாலேயே சம்ஹாரம் செய்யும் இந்த நவீன ஹெட்போன் யந்திரம், எஞ்சினின் ஓயாத தாழ்ந்த முழக்கத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும் என்பது மெய்தான். ஆனால் உச்சஸ்தாயியில் வீறிடும் குழந்தையிடமோ, மருமகனின் வீட்டுக்கடன் விருத்தாந்தத்தை விஸ்தரிக்கும் பக்கத்து ஆசனத்துக் கனவானிடமோ அதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. (கடையின் அமைதியில் மாட்டிப் பார்த்து, பரமானந்தமாகத் தலையாட்டி விலை பேசுகிறவருக்கு இதை யார் சொல்வது?) எஞ்சின் என்னும் திரை விலகிவிட்டபடியால், கனவான் கூறும் வட்டிவிகிதம், தசமஸ்தானம் உட்பட, இப்போது வெகு துல்லியமாகக் கேட்கிறது.