இறாலுக்கு ஒரு என்ஜின்

லாரி டிரைவர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரி எதுவும் கேபினில் ஏசி இல்லாமல் வரக் கூடாது என்பது அரசு விதி. 43 டிகிரியிலும் 47 டிகிரியிலும் வண்டி ஓட்டுகிறார்களே என்று 2023 ஜூனில் மேடையேறி உருகினார் அமைச்சர் நிதின் கட்கரி. விலை கூடிவிடும் என்று சிலர் எதிர்த்ததாகவும் அவரே சொன்னார். எதிர்த்தவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் எத்தனை டன் ஏசி ஓடியது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

இந்தக் குளிர்ச்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை: டிரைவர் தூங்கக் கூடாது.

ஏசியின் கம்ப்ரஸரைச் சுழற்றுவது என்ஜின் பெல்ட். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தால் ஏசியும் அணைந்துபோகும். நாள் முழுக்கக் காய்ந்த தகரக் கூரை மேலே, ஓடிக் கொதித்த என்ஜின் கீழே, நடுவில் மல்லாந்து படுக்கக்கூட அகலம் பற்றாத பலகையில் மனிதன். முன்பு நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்னால் காலை நீட்டலாம். 2018ல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஓட்டவேண்டியவரும் அவரே, தூங்கவேண்டியவரும் அவரே. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து தொலைத்தால், கண்ணயர்ந்ததே விபத்துக்குக் காரணம் என்று மறுநாள் பேப்பரில் வரும். எந்தச் சூட்டில் கண்விழித்துக் கிடந்தார் என்பது வராது.

என்ஜினை ஓடவிட்டுத் தூங்கலாமே என்பீர்கள். நின்ற இடத்தில் ஓடும் கனரக என்ஜின் மணிக்கு 2, 3 லிட்டர் டீசல் குடிக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். இன்றைய விலையில் 1,800 ரூபாய்க்குக் குறையாது. பிஎஸ்6 வண்டியானால் புகை வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் முதலாளி வண்டியில் ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறார். விஜயவாடா தாண்டி ஏதோ ஒரு பங்க் ஓரம், நடுநிசியில் போன் அடிக்கும்.

"ஏம்ப்பா, வண்டி அரை மணி நேரமா ஐடிலிங்ல நிக்குதுன்னு காட்டுது?"

"புழுக்கம் தாங்கலீங்கண்ணா. செத்த நேரம் ஏசி போட்டனுங்க."

"சரி, பேட்டாவுல புடிச்சுக்கலாம்."

படுக்கை எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று அந்தப் போனுக்குச் செய்தி போவதில்லை. மீதியுள்ள வசதிகளில் டிரைவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியை இறக்கினால் கொசு இலவசம், செல்போன் திருடன் உபரி. சின்ன ஃபேன் மாட்டினால் அதே அனலை முகத்தில் வாரி அடிக்கும். வண்டிக்கு அடியில் துண்டை விரித்தால் ஓரளவு காற்று வரும். ஆள் படுத்திருப்பது தெரியாமல் எவரும் வண்டியை எடுத்துவிடக் கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு கண்ணை மூட வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு குளிர்பதனக் கன்டெய்னர் நிற்கும், பாருங்கள். உள்ளே ஏற்றுமதி இறால், மைனஸ் 18 டிகிரி. அதற்கென்றே தனி டீசல் என்ஜின். லாரி நின்றாலும் அது நிற்காமல் விடிய விடிய உறுமும். உள்ளே சூடு ஏறினால் கருவியில் பதிவாகும், வாங்குகிறவன் சரக்கைத் திருப்பி அனுப்புவான், முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும். தகரத்துக்கு இந்தப் பக்கம், நாலடி முன்னால், அதை ஓட்டி வந்தவன் பனியனைப் பிழிந்துகொண்டிருக்கிறான். தொழில்நுட்பம் வளரவில்லை என்று இனி எவனும் வாயைத் திறக்க வேண்டாம். செத்த இறாலுக்கு அது எப்போதோ வளர்ந்துவிட்டது.

என்ஜின் நின்றபின் பேட்டரியில் ஓடும் 24 வோல்ட் ஏசி கடையில் கிடைக்கிற பொருள்தான். கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கு. சராசரி 400 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட். ஸ்டார்ட் பேட்டரியிலேயே மாட்டினால் விடிகாலையில் வண்டி கிளம்பாது. ஆகவே தனி லித்தியம் பேட்டரி, 24 வோல்ட் 200 ஆம்பியர்-மணி என்றால் 4.8 யூனிட் கையில். பகலில் ஓடுகிற ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும். அதற்குத் தக்க ஆல்டர்னேட்டரா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். கூரையிலும் கதவிலும் சூடு தடுக்கும் அட்டையை ஒட்டினால் இதைவிடச் சின்னதே போதும். நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு இது பிரமாதமான வேலையே இல்லை. ஆனால் அவர்களிடம் வந்து கேட்கப்படுவது வேறு: நெற்றியில் கலர் கலராய் எல்இடி, பக்கவாட்டில் மயில் பெயின்ட், ஊரையே எழுப்பும் ஹாரன். தலைக்குமேல் குளிர் கேட்டால் "எடை கூடுமே, லோடு குறையுமே" என்று கவலை வந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் படுக்கை வசதியுள்ள லாரியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐடிலிங்கில் நிற்கக் கூடாது என்று 2008லேயே கட்டிப்போட்டார்கள். என்ஜின் அணைந்தபின் கேபினுக்கு மின்சாரம் தரும் துணை மின்கருவியின் எடைக்கு, லாரியின் எடை வரம்பில் 550 பவுண்ட் வரை, ஏறத்தாழ 250 கிலோ, விலக்குத் தரவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமுண்டு. டிரைவர்மேல் பாசம் பொங்கி யாரும் செய்யவில்லை, புகைக்கும் டீசல் செலவுக்கும் பயந்து செய்தார்கள். பயந்தாவது செய்தார்கள்.

நம்மூர் மேதைகளிடம் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது: ஏசி போட்டால் டிரைவர் தூங்கிவிடுவானாம். அப்படியா? அவன் தூங்கவேண்டிய நேரத்தில் போட்டுத் தொலையுங்களேன்!

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே எட்டு மணி நேர வேலை என்று எழுதிவிட்டது. மிச்ச நேரத்தில் அந்த மனிதன் எங்கே படுப்பான் என்று கேட்கத்தான் இன்னும் ஆளில்லை. விதியில் ஒரு வரி சேருங்கள், அமைச்சரே: என்ஜின் அணைந்த பிறகும் எட்டு மணி நேரம் கேபின் குளிர வேண்டும். முடியாதென்றால், விதி எழுதிய அதிகாரிகளும் லாரி விற்கும் கம்பெனித் தலைவர்களும் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் வாருங்கள். சாவியை வெளியே கொடுத்துவிட்டு, அந்தப் பலகையில் எட்டு மணி நேரம் தூங்கிக் காட்டுங்கள்.