கிட்டார்: ஒரு பரண்வழி ஆய்வு

'கிட்டார்' அயல்மொழிச் சொல் என்று ஊர் நம்புகிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பரண் தரும் சான்று வேறு. 'கிட்டு' என்னும் பகுதியோடு எதிர்மறை சேர்ந்து, 'கிட்டே வராதவர்' என்று பொருள்படும் தூய தமிழ்ச்சொல் அது. ஒன்னார், நள்ளார் போலப் பகைவரைக் குறிப்பது. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கருவியின் கிட்டே எங்கள் வீட்டில் எவரும் போனதில்லை. இதற்குமேல் சொல்லாராய்ச்சி வேண்டாம்.

கருவியின் காலம், 'பயணங்கள் முடிவதில்லை' வெளியான 1982-ஐ ஒட்டியது. 'இளைய நிலா' கேட்டதிலிருந்து சித்தப்பா சரியாகத் தறியில் உட்காரவில்லை. தீபாவளி போனஸோடு சென்னைக்குத் துணி எடுக்கப் போனவர் இதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். வாசித்தாரா என்பதில் இரு கருத்துகள் உள்ளன: ஆம் என்கிறார் சித்தப்பா, இல்லை என்கிறது தெரு.

நரம்புக்கருவியோடு காஞ்சிக்கு வருவது பழைய மரபு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, யாழேந்திய பாணனை 500 அடிகளில் அவனிடம் வழிகாட்டி அனுப்புகிறது. அந்தப் பாணன் பரிசில் வாங்க வந்தான். சித்தப்பா வாங்கியது திட்டு.

பாகப்பிரிவினையில் பரண் யார் பங்கில் விழுகிறதோ கிட்டாரும் அவருக்கே. விழுந்தது என் பங்கில்.

இறக்கிப் பார்த்தால் கழுத்து வளைந்து, கம்பியைத் தாங்கும் கட்டை வயிற்றிலிருந்து பெயர்ந்து நின்றது. சுதி சேர்த்த ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இழுக்கும். இதை நான் மூன்று வாரம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயா திண்ணையில் இருந்தபடியே சொல்லிவிட்டாள்: "நெய்யாதப்ப பாவைத் தளத்தி வுடணும்னுகூடத் தெரியாம என்னாத்த நெசவு கத்துக்கினான் உன் சித்தப்பன்?" பிறகு குனிந்து எண்ணினாள். "மொத்தமே ஆறு இழைதானா? இதுல கோவணம்கூட நெய்ய முடியாதேடா."

கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் மரையைக் கால் சுற்று முறுக்கி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பிறகு இன்னொரு கால் சுற்று. பட்டுச்சேலைக்காரனுக்குப் பொறுமையா பஞ்சம்? பெயர்ந்த கட்டையைப் பசை வைத்து, இறுக்கிப் பிடித்து ஒட்டினேன்.

சிக்கல் நிறத்தில் வந்தது. யாரோ ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை எனாமலை அதன்மேல் பூசியிருந்தார்கள். சுரண்டலாமா? கயிலாசநாதர் கோயிலில் வீணை ஏந்திய சிவனைப் பார்த்துவிட்டு வந்தேன். இராசசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில் அது; கல் உதிர்ந்த சிற்பங்களுக்குப் பிற்காலத்தார் சுதை பூசினார்கள், பல முகங்கள் பூச்சுக்குள் போய்விட்டன. அதை உரித்தால் பல்லவன் கிடைக்கலாம். பல்லவனும் சேர்ந்தே உரிந்து வரலாம். பச்சையை விட்டுவிட்டேன். ஜன்னலுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

இப்போது தினமும் காலையில் ஆறு கம்பிக்கும் சுதி சேர்க்கிறேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஆயா எழுந்து வந்து ஆறையும் தளர்த்திவிடுகிறாள். வாசிக்கத்தான் இன்னும் நேரம் கிட்டவில்லை.