ரூட் மாமா

ரூட் மாமாவிடம் திருப்பதிக்கு வழி கேட்டுவிடக் கூடாது. நாலு வழி சொல்வார். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழி ஒன்று. திருத்தணி, நகரி, புத்தூர் வழி ஒன்று. தடா போய் காளஹஸ்தி வழியாக ஒன்று. நாலாவதை வெளியில் சொல்ல மாட்டார். டோல்கேட் இல்லாத வழி என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதில் போய்த் திரும்பிய சொந்தக்காரர்களும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்த இனம் ரயிலில் வளராது. சொந்தமாகக் கார் வேண்டும், ரிட்டயர் ஆகும் வயசு வேண்டும், பின் சீட்டில் எதிர்த்துப் பேசாத நாலு பேர் வேண்டும். டேஷ்போர்டில் பிள்ளையார். பிள்ளையார் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு நோட்டு. கிலோமீட்டர், டீசல், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. பார்த்த இடத்துக்குக் கட்டம் கிடையாது.

மாமாவின் சம்பந்தி இத்தாலி போய் வந்தார். கோமோ ஏரி, கார்தா ஏரி, அமால்ஃபி கடற்கரை என்று வாடகைக் காரில் சுற்றிய படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கம் ஏறுவதற்கே 48 கொண்டை ஊசி வளைவு, உயரம் 2,757 மீட்டர் என்றார். மாமா முழுசாகக் கேட்டுக்கொண்டு மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உச்சிக்குப் போனா என்ன குடுக்கிறான்?"

"காபி கிடைக்கும்."

"நம்ம மலையில லட்டு."

அன்று ராத்திரியே பிளான் தயார். 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூலூர்பேட்டையைத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி, ஸ்ரீஹரிகோட்டா கடற்கரை, ஏழுமலை எல்லாம் ஒரே கலெக்டர் கீழே வந்துவிட்டன. ஆந்திர அரசு இதை மாமாவுக்காகச் செய்யவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லத் துணியவில்லை. "ஏரி, கடல், மலை. ஒரே ஜில்லா, விசா கிடையாது" என்றார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மே மாசமா?"

விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பாடு என்றால் மூன்றரைக்கு ஹாரன் அடிக்கும். புளியோதரை, தயிர் சாதம், ஒயர் கூடை எல்லாம் டிக்கியில் ஏறும். குழந்தைகள் வழியில் தண்ணீர் கேட்கக் கூடாது. குடித்தால் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் நோட்டில் நேரம் கெட்டுப்போகும். மாமா சட்டப்படி தண்ணீர் ரேடியேட்டருக்குத்தான்.

சூலூர்பேட்டையில் வலதுபக்கம் திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா ரோடு. ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிற அந்த ரோட்டை மார்கழி, தையில் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், அதில் இளஞ்சிவப்பாகப் பூநாரைக் கூட்டம். அவற்றுக்குச் சூலூர்பேட்டையில் விழாவே எடுக்கிறார்கள். மே மாதம் அந்த ஆழமில்லாத பகுதியெல்லாம் வற்றி, வெடித்த சேற்றில் உப்புப் பூத்துக் கிடக்கும்.

"மாமா, ஏரி எங்க?"

"இதான்."

"பூநாரை?"

"காலையில வந்துட்டுப் போயிருக்கும்."

ரோடு ராக்கெட் தளத்து வாசலில் முடிந்தது. பாஸ் இல்லாதவர்களுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. கடல் அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. "காத்து வருது பாரு, கடல் காத்து" என்று சொல்லி மாமா வண்டியைத் திருப்பினார். பிளானில் ஏரிக்கும் கடலுக்கும் சேர்த்து டிக் விழுந்தது.

அலிபிரி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஏசி நின்றது. "மேடு ஏறும்போது ஏசி போட்டா வண்டி இழுக்காது." கண்ணாடியை இறக்கினால் அனல். "இந்த வண்டி எனக்கு லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்குது. எப்படி? இப்படித்தான்." பின் சீட்டில் யாருக்கும் பதில் சொல்லத் தெம்பில்லை. தரிசனத்துக்கு நோட்டில் இடமில்லை. க்யூவில் நின்ற நேரம் 'ஹால்ட்' என்ற கட்டத்தில் ஏறியது.

மாமாவின் விதி இறக்கத்தில் காத்திருந்தது. ஏறுவதற்கு 1974இல் போட்ட ரோடு, இறங்குவதற்கு 1944இல் போட்ட பழைய ரோடு. இறங்கும்போது நேரம் குறிப்பார்கள். 40 நிமிஷத்துக்கு முன்னால் கீழே வந்து சேர்ந்தால் அபராதம். இதை மாமா மறந்து வளைவு வளைவாக வெட்டி இறக்கினார். அத்தை கோவிந்தா, கோவிந்தா என்று கண்ணை மூடிக்கொண்டாள். பாதி வழியில் கடிகாரத்தைப் பார்த்தவர் முகம் வெளுத்தது. அப்புறம் ஊர்ந்தோம். பின்னால் ஜீப்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய அப்பா, அம்மா, நடுவில் ஒரு குட்டி மொட்டை என்று ஸ்கூட்டரில் ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் குட்டி திரும்பிப் பார்த்து மாமாவுக்கு டாட்டா காட்டியது.

சந்திரகிரிக் கோட்டையை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தோம்.

பாகாலா பக்கம் வழி தவறியது. மாமா மொழியில் அதற்கு 'ஷார்ட்கட்'. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் வண்டியை நிறுத்தி, "ஈ ரோடு எக்கட போதுந்தி?" என்றார். பெரியவர், "தாமல்செருவு போவும் சார். மண்டியில மாங்கா வாங்கணும்னா நேரா போங்க" என்று தமிழிலேயே சொன்னார். சித்தூர்ப் பக்கம் தெலுங்கு பேசிப் பார்க்கிற எல்லா மெட்ராஸ்காரனுக்கும் நடப்பதுதான். மாமா விடாமல் "சால சந்தோஷம்" என்று முடித்தார்.

தாமல்செருவு என்றதும் அவருக்கு உயிர் வந்தது. 1740 மே மாதம் அந்த ஊர்க் கணவாயில்தான் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் மராட்டியர்களிடம் தோற்றுச் செத்தார். நவாப் கணவாயை அடைத்துக்கொண்டு காத்திருக்க, ரகுஜி போன்ஸ்லேயின் படை வேறு வழியாக மலையைத் தாண்டிப் பின்பக்கம் வந்து விழுந்தது.

"கவனிச்சியா மாப்ளே? மராட்டியன் மெயின் ரோட்டுல வரல. ஷார்ட்கட்!"

"மே மாசத்துல இந்தப் பக்கம் வந்து நவாப்பே வீடு போய்ச் சேரல" என்றாள் அத்தை.

மண்டியில் ஒரு கூடை பங்கனப்பள்ளி ஏறியது. அது அத்தையின் காலடியில் உட்கார, அத்தையின் கால்கள் சீட்டுக்கு மேலே வந்தன. அந்த நிலையில்தான் காணிப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். கிணற்றில் தோன்றிய சுயம்பு வரசித்தி விநாயகர். வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. சுற்றுவட்டாரத்தில் கடன் தகராறு, திருட்டு வழக்கு என்றால் இங்கே வந்து சத்தியம் செய்வார்கள். இந்தச் சந்நிதியில் பொய் சொன்னவன் பிழைத்ததில்லை என்ற பயம் இன்னும் இருக்கிறது. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, அதே கையோடு மாமா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

மாமா விநாயகரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பன்னெண்டு."

யாரும் சிரிக்கவில்லை, இடம் அப்படி. செருப்பு போட்டுக்கொண்டு, கோபுரம் கண்ணுக்கு மறைந்து, சித்தூர் ரோட்டில் மூன்றாவது கியர் விழுந்த பிறகுதான் மாமா பேசினார்: "ஏசி போட்டா பன்னெண்டு. போடலைன்னா இருபத்திரண்டு."

அத்தை மாங்காய்க் கூடைக்கு மேலே எட்டிக் கையை நீட்டி, ஏசியை நாலில் வைத்தாள்.