டாங்கி பார்க்கும் கைகளுக்கு ஒரு சைக்கிள் மனு

பெறுநர்: நிர்வாகத் தலைமை, கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடி.

அனுப்புநர்: சேக்காட்டில் குடியிருக்கும், ரோடு பைக் ஒன்றுக்குச் சொந்தக்காரரான ஒருவர் (இனி ‘மனுதாரர்’).

பொருள்: ஒன்பதரை கிலோ வாகனத்தைச் சர்வீஸ் செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மனுதாரர் ஏறி இறங்கிய கடைகள் ஆறு.

ஐயா / அம்மையீர்,

மனுதாரரின் சைக்கிளுக்கு முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. ஆகப் பதினாறு கியர். தங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டி-90 பீஷ்மா டாங்கிக்கு முன்னால் போக ஏழு, பின்னால் வர ஒன்று. எட்டோடு கணக்கு முடிந்தது. கியர் விஷயத்தில் மனுதாரர் இந்திய ராணுவத்தைவிட இருமடங்கு வசதிக்காரர் என்பது முதலில் பதிவாகட்டும். எடையில்தான் தோற்றுப்போகிறார். பீஷ்மா சுமார் 46 டன்; இது ஒன்பதரை கிலோ, தண்ணீர் பாட்டில் தனி.

குறை என்னவென்றால், அந்தப் பதினாறில் பாதி, இரண்டு மாதமாக ஒழுங்காக விழுவதில்லை. நான்காவதில் போட்டால் செயின் ஐந்தாவதை உரசிக் ‘கறகற’ என்கிறது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ‘டக்’கென வழுக்கி, முழங்கால் ஹேண்டில்பாரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. விடிகாலையில் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி, ஒருநாள் மீஞ்சூர் பக்கம், ஒருநாள் வண்டலூர் பக்கம் என்று மிதிப்பது மனுதாரர் வழக்கம். முழு நீளம் 62 கிலோமீட்டர் என்பதால் பாதியில் செயின் மக்கர் பண்ணினால் தள்ளிக்கொண்டு வருவதற்கும் தாராளமாக இடம் உண்டு.

இதற்குப் போய் டாங்கித் தொழிற்சாலைக்கு மனுவா என்று தாங்கள் கேட்கலாம். பல்சக்கரமும் செயினும் தெரிந்தவர்கள் மொத்தமாகக் கிடைக்கும் இடம் சேக்காட்டுக்குப் பக்கத்தில் அதுதான். 1961இல் தொடங்கி, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டவர்கள் தாங்கள். வயதான டி-72 டாங்கிகள் ஓவராயிலுக்குத் தங்களிடம்தான் வருகின்றன. டாங்கியின் இரண்டு பக்கமும் ஓடும் சங்கிலிப் பட்டை தொய்ந்தால் கழன்றுகொள்ளும் என்று இழுத்துக் கட்டித்தானே வெளியே அனுப்புகிறீர்கள்? மனுதாரர் கேட்பதும் அதே வேலைதான். அளவு கொஞ்சம் சின்னது. மேலும், 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாகப் பிரிந்து, தாங்களும் ஒரு கம்பெனியின் கீழ் வந்துவிட்டீர்கள். கம்பெனி என்றான பிறகு தேடி வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது முறையல்ல.

ஆயுதம் செய்கிற இடம் சைக்கிளைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்றும் நினைக்க வேண்டாம். பர்மிங்காம் துப்பாக்கிக்காரர்கள் 1861இல் கூடி ஆரம்பித்த கம்பெனி, துப்பாக்கி ஆர்டர் வறண்ட காலத்தில், 1880 வாக்கில், சைக்கிளில் இறங்கியது. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்; சுருக்கினால் பி.எஸ்.ஏ. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் முத்திரை. அந்தப் பெயர் கடல் தாண்டி அம்பத்தூருக்கு வந்து, நம் வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நின்றது. துப்பாக்கிக் கம்பெனியின் பேரில் ஏறித்தான் இத்தனை வருஷமும் கறிவேப்பிலை வாங்கப் போயிருக்கிறோம். அவர்கள் ஆரம்பித்துச் சரியாக நூறு வருஷம் கழித்துத் தாங்கள் ஆரம்பித்தீர்கள். தாமதத்தை மனுதாரர் பெரிதுபடுத்தவில்லை.

அம்பத்தூர் என்றதும் இன்னொன்று. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று வரிசையாகச் செய்து, 2011இல் மான்ட்ரா என்ற பெயரில் ரோடு பைக் வரைக்கும் வந்துவிட்டது. இந்தப் பக்கத்து மின்சார ரயிலில் ஒரு பெட்டியை நிறுத்திக் கேட்டால், ‘எங்க சித்தப்பா டி.ஐ. சைக்கிள்லதான் இருந்தாரு’ என்று நாலு பேராவது கை தூக்குவார்கள். சைக்கிள் செய்யத் தெரிந்த கை இத்தனை இருந்த வட்டாரத்தில், சைக்கிள் பார்க்கத் தெரிந்த கை தேடி மனுதாரர் இரண்டு மாதமாக அலைகிறார்.

அலைச்சலையும் சொல்லிவிட வேண்டும். முதல் கடையில் காற்றுக்கே வழி பிறக்கவில்லை. ரோடு பைக் டியூபின் வாய் ஒல்லி; பிரெஸ்டா என்று பெயர்; உச்சியில் குட்டித் திருகு ஒன்று இருக்கும், அதைத் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். கடைப் பையன் உற்றுப் பார்த்துவிட்டு, “சார், மூக்கு ஒடைஞ்சிருக்கு, டியூபே மாத்தணும்” என்றான். மனுதாரர் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை அடாப்டரை எடுத்துத் திருகிய பிறகு கம்ப்ரஸர் ஓடியது. ஸ்கூட்டர் கணக்கில் 30 பி.எஸ்.ஐ.யோடு பையன் நிறுத்திக்கொண்டான். 25 மில்லிமீட்டர் டயருக்கு 80, 90 வேண்டும் என்றதும், “வெடிச்சா நான் பொறுப்பில்ல” என்று இரண்டடி தள்ளி நின்றான். தன் வேலையில் இவ்வளவு ஜாக்கிரதை உள்ள பையனைக் குறை சொல்ல மனுதாரருக்கு மனமில்லை.

இரண்டாவது கடையில் சர்வீஸ் நடந்தது, நடக்காமலே இருந்திருக்கலாம். செயினை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, மேலே கிரீஸை அப்பிக் கொடுத்தார்கள். ஆவடித் தூசிக்கு அது அழைப்பிதழ். ஒரே வாரத்தில் செயின் எள்ளுருண்டையாகிவிட்டது. கியர் விழவில்லை என்ற புகாருக்கு, செயினைத் தள்ளி மாற்றும் டிரெய்லியரில் கண்ணில் பட்ட ‘எச்’, ‘எல்’ என்ற இரண்டு திருகையும் ஆளுக்கு அரைச்சுற்று திருப்பினார்கள். செயின் இரண்டு ஓரத்தையும் தாண்டி விழாமல் வேலி போடுவதோடு அந்தத் திருகுகளின் வேலை முடிந்தது. நடுக் கியர்களின் ஒழுங்கு கேபிளின் இழுவையில் இருக்கிறது. வேலியைத் தள்ளி நட்டால் வயல் உழுததாகிவிடுமா?

மூன்றாவது, கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம். விற்க நாலு பேர். ரிப்பேர் பார்க்கிறவர் சனிக்கிழமை வருவார் என்றார்கள். எந்தச் சனிக்கிழமை என்று கேட்காதது மனுதாரர் தப்பு. மற்ற மூன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சென்ட்ரல் பக்கம், சைக்கிள் கடைகள் வரிசைகட்டிய ரத்தன் பஜார் வரை போகலாம்தான். ஆவடியிலிருந்து சென்ட்ரல் இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை ரயிலில் மனுதாரர் ஏறுவதே சந்தேகம், இதில் சைக்கிள் எங்கே ஏறும்?

இத்தனை கடை ஏறியதில் நல்ல கடைக்கு அடையாளம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. போர்டில் எத்தனை வெளிநாட்டுப் பெயர் என்பதைப் பார்க்கத் தேவையில்லை. ‘கியர் வழுக்குது’ என்ற உடனே திருப்புளியை எடுக்கிறவரிடம் வண்டியை விடக்கூடாது. பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி, டிரெய்லியர் தொங்குகிற ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவரிடம் விடலாம். ஹேங்கர் என்பது சின்ன அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃபிரேம் தப்பிக்கட்டும் என்று தான் வளைந்துகொடுக்கும் ஜாதி. அது கோணினால் எந்தத் திருகைத் திருப்பியும் பிரயோஜனமில்லை. அடுத்து, ‘செயின் செட் மொத்தமும் போச்சு’ என்பவரிடம் ஒரு ஸ்கேல் கேட்டுப் பார்க்கலாம். புதுச் செயினில் 24 கண்ணி நீளம் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்ற வேண்டிய நேரம். அதையும் தாண்டி ஓட்டினால்தான் அது பல்சக்கரங்களைத் தின்னத் தொடங்கும். ஸ்கேல் கேட்டதற்குக் கோபப்படுகிற கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடலாம்.

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்து, ஆயிரக்கணக்கான பெண்களை ரோட்டுக்குக் கொண்டுவந்தது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த விலையில்லாச் சைக்கிள், சில வருஷத்தில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. கொடுத்த அன்றே அதைத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிப்போய் நட்டு போல்ட்டை இறுக்கிக்கொள்வது பிள்ளைகள் பொறுப்பு. ஐ.டி.ஐ.யில் இருசக்கர, மூன்று சக்கர வாகன மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அந்த இரண்டு சக்கரத்துக்கு நடுவில் இன்ஜின் இருக்க வேண்டும். ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், வண்டியும் கொடுத்தார்கள். போக்ஸ் கம்பி இறுக்குகிறவர் மட்டும் தானாக முளைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

எனவே, ஞாயிறு காலைகளில் எச்.வி.எஃப். சாலையில், தங்கள் கேட்டுக்கு வெளியே, ஒரு மேஜை, ஒரு ஸ்டாண்டு, ரிட்டையரான ஃபிட்டர் ஒருவர் என்ற ஏற்பாட்டை மனுதாரர் கோருகிறார். ஆவடியில் தெருவுக்கு ஒரு ரிட்டையர்டு ஃபிட்டர் காலையில் பேப்பரை இரண்டு தடவை படித்துக்கொண்டிருக்கிறார், ஆள் பஞ்சமில்லை. வாகனத்தில் பீரங்கி எதுவும் பொருத்தப்படவில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் தரத் தயார். ரிவர்ஸ் கியர் வேண்டாம்.

இப்படிக்கு,
மனுதாரர், சேக்காடு.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சங்கதி. மனுதாரர் வீட்டுத் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. ‘மணி வாடகை’ என்று கதவில் எழுதிய பெயின்ட் பாதி உதிர்ந்துவிட்டது. அங்கே ஒரு பெரியவர் பள்ளிக்கூடத்துச் சைக்கிள்களுக்குக் கோட்டம் எடுப்பார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சுற்றுகிற ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடிப்பார். வெள்ளை பட்ட இடத்துக் கம்பிகளைக் கால்சுற்று, அரைச்சுற்று திருகி, விரலால் மீட்டிச் சத்தம் கேட்பார். இவருக்கு எங்கே கியர் தெரியப்போகிறது என்று மனுதாரர் அந்தக் கடையை ஆறில் சேர்க்கவே இல்லை.

நேற்று பம்பு இரவல் கேட்டு நின்றபோது பெரியவரே ஆரம்பித்தார். “பின்னாடி கொக்கி வளைஞ்சிருக்கே சார், எங்க வுட்டீங்க?” மனுதாரர் வாயடைத்து நிற்க, பழைய கியர் சைக்கிள் வீல் ஒன்றை இரும்புக் குவியலிலிருந்து இழுத்தார். டிரெய்லியரைக் கழற்றிவிட்டு, அந்த வீலின் ஆக்ஸிலை ஹேங்கர் ஓட்டையில் மரை பிடித்துத் திருகினார். இப்போது இரண்டு வீல், பக்கத்துப் பக்கத்தில். இரண்டு ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, மேலே, கீழே, முன்னே என்று ஒரு போக்ஸ் கம்பியை வைத்து அளந்து, வெளி வீலைப் பிடித்து மெல்ல மெல்ல வளைத்தார். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வந்ததும் டிரெய்லியரை மாட்டி, கேபிளுக்கு ஒரு சுற்று. இருபது நிமிஷம். ஐம்பது ரூபாய் கேட்டார். கடைக்கு ஒரு பையன் வைத்துக்கொள்ளக்கூடாதா என்றதற்கு, “இருந்தான் சார். டெலிவரிக்குப் போயிட்டான். அதுல நாளைக்கே காசு” என்றார்.

ஆகவே மேஜை, ஸ்டாண்டு கோரிக்கை வாபஸ். பெரியவரிடம் இல்லாதது டார்க் ரெஞ்ச் ஒன்றுதான். ஹேண்டில்பார் போல்ட்டை ஐந்து நியூட்டன் மீட்டரில் நிறுத்த வேண்டும், கூடினால் மரை போய்விடும். தங்கள் ஸ்டோரில் உள்ளவை டாங்கிக்கு ஏற்ற பெரியவையாகத்தான் இருக்கும். சின்னதாக ஏதாவது ஏலத்துக்கு வந்தால் தெரிவிக்கவும். கடை ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, மத்தியானம் ஒரு மணி வரை.