துடுப்பு இருக்கிறது, ஆறுதான் பாக்கி

மதுரைக்குள் வைகையில் கயாக் விடப்போவதாக மச்சினன் கிளம்பினான். ஆரப்பாளையத்தில் ஏறி, 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்துக்கு அடியில் புகுந்து, வீரகனூர் பக்கம் கரையேறி ஜிகர்தண்டா குடிப்பது திட்டம். துடுப்பு, லைஃப் ஜாக்கெட், படகு எல்லாம் வாங்கியாகிவிட்டது. அப்புறம்தான் ஆற்றைப் பார்க்கப் போனோம்.

தடுப்பணைக்கு மேற்கே ஒரே ஆகாயத்தாமரை. அதன்மேல் ஒரு கொக்கு, கால் நனையாமல் அக்கரைக்கு நடந்துகொண்டிருந்தது. கிழக்கே கருவேலம். அதன் நிழலில் அசைபோட்ட இரண்டு எருமைகள் எங்களை ஏற இறங்கப் பார்த்தன.

சித்திரையில் அழகர் இறங்கவே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அவரும் குதிரையில்தான் வருகிறார், விவரம் தெரிந்தவர்.

படகு இப்போது எங்கள் மொட்டைமாடியில் கிடக்கிறது. போன வாரம் பெய்த மழையில் அதற்குள் அரையடித் தண்ணீர்.