டல்லாஸ் சந்தை

அன்புள்ள மாமாவுக்கு,

கார் வாங்கியாயிற்று. கடையில் கிடந்தது அரை நாள்; அதில் வண்டியைப் பார்த்தது பத்து நிமிஷம் இருக்கும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மணப்பாறைச் சந்தையில் நீங்கள் மாடு பேசுவீர்களே, இங்கே அந்தத் துண்டுக்குப் பதில் கண்ணாடி அறை.

புதுக் காரில் விலைச்சீட்டு ஒட்டியே தீர வேண்டும் என்று 1958லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பாடுபட்ட மன்ரோனி என்ற செனட்டர் பெயரிலேயே சீட்டை அழைக்கிறார்கள். ஆனால் அது கம்பெனி சொல்லும் யோசனை விலைதான். கடைக்காரர் குறைத்தும் விற்கலாம், கிராக்கி இருந்தால் ஏற்றியும் விற்கலாம். கம்பெனியிடமே நேராக வாங்க டெக்சாஸ் சட்டம் விடாது. நேராக விற்கும் டெஸ்லாவின் தொழிற்சாலை இதே மாநிலத்தில், ஆஸ்டினில்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளூர்க்காரன் வாங்கினாலும் வெளிமாநில வியாபாரமாகக் காகிதம் எழுதுகிறார்கள்!

எனக்கு வாய்த்த விற்பனைக்காரர் தங்கமான மனுஷன். தண்ணீர் கொடுத்தார், பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். விலையைக் கேட்டால் மட்டும், "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்றார். அவரே 480 டாலர் என்று ஆரம்பித்தார். கட்டுப்படியாகாது என்றேன். மேனேஜரைக் கேட்டு வருவதாக உள்ளே போனார். கண்ணாடி வழியே பார்க்கிறேன், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வரும்போது முகத்தில் அப்படியொரு களைப்பு. எனக்காகச் சண்டை போட்டு 420 ஆக்கினாராம். 60 மாதம் 72 ஆனதை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் வாய்க்கணக்கிலேயே போட்டிருப்பீர்கள்: 28,800 டாலர் 30,240 ஆகிவிட்டது. இதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

பேசாமல் எழுந்து வாசலுக்கு நடந்தேன். உங்களிடம் கற்றதுதான். மேனேஜரே ஓடி வந்தார். மாதக் கடைசி, இத்தனை வண்டி தள்ளியாக வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கும் உண்டு. விலை இறங்கியது.

கை குலுக்கிய பிறகு பைனான்ஸ் அறைக்குக் கூட்டிப்போனார்கள். உண்மையான வசூல் அங்கேதான். நீட்டித்த வாரண்டி, கண்ணாடியில் நம்பர் பொறிக்கக் காசு, பெயின்ட்டின் மேல் பூச்சு, டயரில் நைட்ரஜன். மாமா, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சம் 22க்குத்தான் இந்தக் காசு போலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாய் வலித்தது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கடையில் வாங்கிய காருக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது.

சின்னவன் ஹூஸ்டனுக்கு வேலைக்கு வருகிறான் என்று அத்தை சொன்னார்கள். கார் வாங்கப் போனால் மாதத் தவணையைப் பற்றி அவன் வாயே திறக்கக் கூடாது. 6.25 சதவீத வரி, காகிதக் கூலி எல்லாம் சேர்த்து வண்டி வாசலைத் தாண்ட மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்