குளிரில் குதிரைக்கு எது கம்பளி?

கேள்வி: அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, குதிரைகளோடு ஊர் ஊராக முகாமிடுகிறார்களாமே! பனிக்காலத்தில் குதிரை விறைத்துப் போகாதா?

பதில்: அதற்கு முன்பே வண்டிக்குள் இருப்பவர் விறைத்துவிடுவார்! குளிர்கால முடி அடர்ந்து வளர்ந்த, நனையாத குதிரை மைனஸ் 5 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாங்கும். அதன் அடுப்பு வயிற்றில் இருக்கிறது. காய்ந்த புல் பெருங்குடலில் நொதிக்கும்போது உடம்பு சூடாகிறது. ஆகவே குளிர் கூடினால் தானியத்தை அல்ல, புல்லைத்தான் கூட்டிப் போட வேண்டும்.

கவலைப்பட வேண்டியது தண்ணீருக்காக. நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கிற பிராணி, சில்லிட்ட தண்ணீரைக் கண்டால் குடிப்பதைக் குறைத்துவிடும். குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மொன்டானா பக்கம் முகாமிட்டால், விடிந்ததும் வாளியின் பனிக்கட்டியை உடைத்து வெந்நீர் கலப்பதுதான் முதல் வேலை, காபியெல்லாம் அப்புறம்.

மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் போர்வை அவசியம். நனைந்த முடி படிந்துபோய், கதகதப்பைப் பிடித்துவைக்காது. இந்தப் பாடே வேண்டாமென்று அரிசோனாவுக்கு வண்டியைத் திருப்புகிறவர்களும், வழியில் சில மணிக்கு ஒருமுறை நிறுத்திக் குதிரைக்குத் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும்.